வண்டி கழுவும் இடமும் ஓரத்துக் கல்வாழையும்

நம் தெரு முனையில் இருக்கும் சின்ன வாட்டர் சர்வீஸ் கடையில் உங்களில் பலர் வண்டியை விட்டிருப்பீர்கள். அடுத்த முறை போகும்போது கடையின் பின்பக்கத்தையும் ஒரு நிமிடம் பாருங்கள். மதிலோரம் கல்வாழையும் வெட்டிவேரும் வரிசையாக நிற்கின்றன. வண்டி கழுவிய நீர் முதலில் ஒரு தொட்டியில் விழுகிறது. சேறு அடியில் தங்க, எண்ணெய் மேலே மிதக்க, நடுவில் தெளிந்த நீர் மட்டும் அந்தச் செடிகளுக்குப் போகிறது. புல்தரை கிடையாது. ஆனாலும் கோடையில் அந்த இடம் பச்சையாகவே இருக்கிறது.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு நீண்ட கதை உண்டு. நம் பாட்டி வீட்டுக் கிணற்றடியை நினைத்துப் பாருங்கள். பாத்திரம் கழுவிய நீரும் துணி துவைத்த நீரும் வாய்க்கால் வழியே வாழைக்கும் சேம்புக்கும் கல்வாழைக்கும் போகும். நீர் தேங்காது, கொசு சேராது, இலையும் காயும் கிடைக்கும்.

காருக்கென்று தனியாகக் கழுவும் கூடம் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 1914-இல் வந்தது. இயந்திரம் எதுவும் இல்லை. வண்டியை ஆட்களே தள்ளிக்கொண்டு போக, ஒருவர் சோப்புப் போட, மற்றொருவர் அலச, இன்னொருவர் துடைப்பார். பின்னாளில் நகரங்களில் கடை, வீடு, அலுவலகம் எதுவானாலும் முன்னால் புல்தரை இருப்பதுதான் அழகு என்றாகிவிட்டது. அந்த வழக்கம் இங்கிலாந்திலிருந்து வந்தது. 1830-இல் எட்வின் பட்டிங் என்பவர் புல்வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்ற பிறகு, செல்வர் மாளிகைகளின் புல்தரை சாதாரண வீடுகளுக்கும் எட்டியது. அங்கே ஆண்டு முழுதும் தூறல் உண்டு. எல்லா ஊருக்கும் அந்த வானம் வாய்க்குமா?

வாய்க்காது என்பதை முதலில் உரக்கச் சொன்ன ஊர்களில் ஒன்று டென்வர். அங்கே ஆண்டு மழை சுமார் 38 செ.மீ. மட்டுமே. 1981-இல் அந்நகரக் குடிநீர் நிறுவனம் 'செரிஸ்கேப்' என்ற சொல்லை உருவாக்கியது. 'வறண்ட' என்னும் பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. புல்லைக் குறை, மண்ணுக்கேற்ற செடியை வை, வேரடியில் மூடாக்குப் போடு என்பவையே அதன் சாரம். நம் கிணற்றடிக்கு இது புதிதல்ல.

சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 140 செ.மீ. மழை பெய்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் அதில் பெரும்பகுதி சில மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அதனால்தான் 2003-இல் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறக்குறைய வற்றிப்போக, லாரி வருமா என்று நாம் இரவெல்லாம் காத்திருந்தோம். 2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம், வண்டி கழுவவும் தோட்டத்துக்கும் குடிநீரைப் பயன்படுத்தத் தடை விதித்தது. மீறினால் 5,000 ரூபாய் அபராதம். வண்டியும் தோட்டமும் ஒரே உத்தரவில் வந்ததைக் கவனியுங்கள்.

இதையெல்லாம் இப்போது சொல்லக் காரணம் உண்டு. முன்பக்கத் தோட்டத்தை எடுத்துவிட்டுக் கொரியன் புல் போடுவது, அதன் அருகிலேயே கார் கழுவ ஒரு தளம் அமைப்பது என்ற யோசனை அடுத்த பொதுக்குழுவில் வருகிறது. கை தூக்கும் முன் கொஞ்சம் கணக்குப் போடுங்கள். 1,000 சதுர அடிப் புல்லுக்கு 5 மி.மீ. நீர் விட்டாலே சுமார் 465 லிட்டர். நிமிடத்துக்கு 15 லிட்டர் விடும் ஹோஸைப் பத்து நிமிடம் திறந்தால் 150 லிட்டர். அதே வண்டியை மூன்று வாளியில் கழுவிவிடலாம்.

இதைவிட முக்கியமானது ஒன்று. அந்தத் தளத்துக்காகக் குறித்திருக்கும் இடம் நம் மழைநீர்க் கிணற்றிலிருந்து சில அடி தூரம்தான். சோப்பும் எண்ணெயும் கலந்த நீர் அதில் இறங்கினால், அது நம் போர்வெல்லுக்கே போய்ச் சேரக்கூடும். பிறகு அந்த நீரைத்தான் நாம் மேலே ஏற்றிக் குளிப்போம்.

வண்டி கழுவ இடமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பின்பக்க மதிலோரம் அமையட்டும். முதலில் வண்டல் தொட்டி, அடுத்து எண்ணெய் ஒதுக்கும் தொட்டி, அதன் பிறகு கல்வாழையும் வெட்டிவேரும். மாதம் ஒருமுறை தொட்டியை வழிக்க ஒருவரைப் பொறுப்பாக்குவோம். வழிக்காத தொட்டி இருந்தும் பயனில்லை. முன்பக்கத்தில் இப்போதிருக்கும் நந்தியாவட்டையும் செம்பருத்தியும் அப்படியே இருக்கட்டும். 2019-இல் லாரிக்குக் காத்திருந்த இரவுகளிலும் அவை பட்டுப்போகவில்லை.

பொதுக்குழுவுக்கு அவசியம் வாருங்கள். வரும் வழியில் அந்தக் கடையின் பின்பக்கத்தை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.