வேலை போகிறதா? ராஜினாமா கடிதத்தில் கையெழுத்திடும் முன் இதைப் படியுங்கள்

உங்கள் சம்பளச் சீட்டில் மாதாமாதம் ‘எஸ்.ஐ.பி.’ அல்லது ‘இ.ஐ.எஸ்.’ என்று சில வெள்ளி பிடிப்பதைக் கவனித்திருப்பீர்கள். அதுதான் வேலைக் காப்புறுதித் திட்டம். 2018 ஜனவரியில் தொடங்கியது. நீங்கள் 0.2 விழுக்காடு, முதலாளி 0.2 விழுக்காடு என்று பெர்கேசோவுக்குச் செலுத்துகிறீர்கள்.

வேலை போனால் கைகொடுக்கும் பணம் இது. ஆனால், அது கிடைக்குமா இல்லையா என்பது பெரும்பாலும் ஒரு கடிதத்தைப் பொறுத்தது.

எவ்வளவு கிடைக்கும்?

சராசரிச் சம்பளத்தில் முதல் மாதம் 80 விழுக்காடு, இரண்டாவது மாதம் 50, அடுத்த இரு மாதங்கள் 40, கடைசி இரு மாதங்கள் 30. அந்தச் சராசரி 3,000 வெள்ளி என்றால், ஆறு மாதத்தில் மொத்தம் 8,100 வெள்ளி. நீங்கள் சந்தா கட்டிய மாதங்களைப் பொறுத்து 3 முதல் 6 மாதம் வரை கிடைக்கும். முதல் முறை கேட்பவர்கள், கடந்த 24 மாதத்தில் குறைந்தது 12 மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும்.

யாருக்குக் கிடைக்காது?

தானாக ராஜினாமா செய்தவர், ஒப்பந்தக் காலம் முடிந்து வெளியேறியவர், ஒழுங்கீனத்திற்காக நீக்கப்பட்டவர், பணி ஓய்வு பெற்றவர். ஆட்குறைப்பு, நிறுவனம் மூடப்படுவது, வி.எஸ்.எஸ். எனப்படும் விருப்ப விலகல் திட்டம் ஆகியவற்றுக்கு உண்டு.

இங்கேதான் சிக்கல். ‘நீங்களே எழுதிக் கொடுத்துட்டா உங்க ரெக்கார்டுக்கு நல்லது’ என்று எச்.ஆர். சொன்னால் அவசரப்படாதீர்கள். கையெழுத்து போட்டால், காகிதத்தில் நீங்களாகவே விலகியதாக ஆகிவிடும். பெர்கேசோ பணத்தோடு ஆட்குறைப்பு இழப்பீடும் போய்விடலாம். மாதம் 4,000 வெள்ளிக்கு மேல் போகாத சம்பளத்தில் 3 ஆண்டு வேலை செய்தவருக்கு, சட்டப்படி ஆண்டுக்கு 15 நாள் சம்பளம், அதாவது 45 நாள் சம்பளம் வர வேண்டும். இந்த இழப்பீட்டைப் பெற்றாலும் பெர்கேசோவிடம் விண்ணப்பிக்கலாம்.

காரணத்தையும் கடைசி வேலை நாளையும் குறிப்பிடும் வேலை நீக்கக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள்.

எப்போது விண்ணப்பிப்பது?

வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள். இணையத்திலோ பெர்கேசோ அலுவலகத்திலோ செய்யலாம். அடையாள அட்டை, வேலை நீக்கக் கடிதம், சம்பளச் சீட்டுகள், உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள்.

ஏன் தாமதமாகிறது?

கடிதத்தில் காரணம் தெளிவாக இல்லாதது, முதலாளி சந்தா கட்டாதது, வங்கி விவரத்தில் பிழை. சம்பளத்தில் பிடித்தும் சந்தா பதிவாகவில்லை என்றால், சம்பளச் சீட்டுதான் உங்கள் ஆதாரம். அதைப் பெர்கேசோவிடம் காட்டிப் புகார் செய்யுங்கள்.

முதல் மாதப் பணம் வந்ததும் சும்மா இருந்துவிடாதீர்கள். மைஃபியூச்சர்ஜாப்ஸ் போன்ற தளங்களில் வேலை தேடியதையும், நேர்காணலுக்குப் போனதையும் மாதந்தோறும் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் அடுத்த மாதப் பணம் நின்றுவிடும்.

நிராகரித்தால்?

முதலில் காரணத்தை எழுத்தில் பெறுங்கள். விடுபட்ட பத்திரம்தான் பிரச்சினை என்றால் அதைக் கொடுத்து மறுபரிசீலனை கேளுங்கள். முடிவே தவறு என்று நினைத்தால், சமூகப் பாதுகாப்பு மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம். அதற்கும் காலக்கெடு உண்டு. முடிவுக் கடிதம் கிடைத்த தேதியைக் குறித்து வையுங்கள்.

ஏற்கெனவே வற்புறுத்திக் கையெழுத்து வாங்கிவிட்டார்களா? வாட்ஸ்அப் செய்தி, மின்னஞ்சல் எதையும் அழிக்காதீர்கள். கட்டாய ராஜினாமாவை வேலை நீக்கமாகக் கருத சட்டத்தில் இடம் உண்டு. மீண்டும் வேலை கேட்டு தொழில் உறவு இலாகாவில் மனு கொடுக்கலாம். அதற்கும் 60 நாள்தான் கெடு.

இரண்டும் தனித்தனி மனுக்கள். ஒன்றின் முடிவுக்காகக் காத்திருந்து மற்றதன் கெடுவைத் தவற விடாதீர்கள்.