மூலம் நிலைக்கட்டும், பயன் பெருகட்டும்

கம்பம் பள்ளத்தாக்கின் கழனிகளுக்கு உயிரூட்டும் முல்லைப் பெரியாறு அணை 1895ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதனை நெடுங்காலம் பேணிவந்த பொதுப்பணித்துறையின் தலைமை அலுவலகம் சென்னைச் சேப்பாக்கத்தில் இருப்பதை நம் பகுதி விவசாயிகள் நன்கறிவர். அவ்வளாகம் ஆர்க்காட்டு நவாபின் அரண்மனையாக விளங்கிய இடம் என்பதை அறிந்தவர் சிலரே.

1768இல் நவாப் முஹம்மது அலி வாலாஜாவுக்காக அவ்வரண்மனை எழுந்தது. கலஸ் மஹால், ஹுமாயூன் மஹால் என்பன அதன் இரு பகுதிகள். 1855இல் கடைசி நவாப் குலாம் முஹம்மது கவுஸ் கான் வாரிசின்றி மறைந்தார். ஆங்கிலேயர் நவாப் பட்டத்தை ஒழித்தனர். அரண்மனையும் ஏலத்திற்கு வந்து அரசின் கைக்கே போயிற்று. பின்னர் சிஷோம் என்னும் கட்டடக் கலைஞர் இரு மஹால்களுக்கும் நடுவே கோபுரம் எழுப்பி, பழைய வடிவத்தோடு இசையும்படி அலுவலகங்களைச் சேர்த்தார்.

பிற்காலத்தார் அந்த நிதானத்தைக் கைக்கொள்ளவில்லை. கடற்கரைப் பக்கம் எழுந்த எழிலகம் அரண்மனையைக் கண்ணுக்கே தெரியாமல் மறைத்துவிட்டது. 2012 ஜனவரி 16 அன்று கலஸ் மஹால் தீக்கிரையானது. அணைக்கச் சென்ற தீயணைப்பு அதிகாரி ஒருவர் உயிரிழந்தார்.

எரிந்தது எரிந்ததுதான் என்று அதனைக் கைவிட்டிருக்கலாம். ஆனால் அது பழைய முறையிலேயே செப்பனிடப்பட்டது. இன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே நடைபெறுகிறது. ஹுமாயூன் மஹாலும் சுண்ணாம்புக் கலவை கொண்டு புதுப்பிக்கப்பட்டது. பழங்கட்டடத்தில் இக்காலப் பணி நடத்த இயலும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

கைபரில் கிடைத்த நிலத்தைப் பற்றி உமர் (ரலி) அவர்கள் ஆலோசனை கேட்டபோது, மூலத்தை நிறுத்திவைத்து அதன் பயனைத் தர்மம் செய்யும்படி நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். வக்ஃபுச் சட்டத்தின் அடிப்படை அதுவே. சேப்பாக்கம் அரண்மனை வக்ஃபு அன்று. எனினும் அந்த நெறி பழங்கட்டடம் அனைத்திற்கும் பொருந்துவதாகவே நாம் கருதுகிறோம். பயன் காலத்திற்கேற்ப மாறலாம். மூலம் அழிந்தால் பயனுக்கு இடமேது?

உத்தமபாளையம், கம்பம், சின்னமனூர், பெரியகுளம் முதலிய நம் ஊர்களிலும் பழைய பள்ளிவாசலையோ மதரஸாவையோ ஓட்டு வீட்டையோ இடித்து, வாடகை வரும் கடைத்தொகுதி கட்டும் பேச்சு எழலாம். வாடகை தேவையற்றது என நாம் சொல்லவில்லை. இடிக்குமுன் சுவரின் உறுதியைத் தக்கவரைக் கொண்டு ஆராயுங்கள். சுண்ணாம்புச் சுவரைச் சுண்ணாம்பாலேயே பழுதுபாருங்கள். மேலே சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளே தங்கிச் சுவரை அரிக்கும். மின்கம்பிகளை மர உத்தரங்களிலிருந்து விலக்கி அமையுங்கள். புதுக்கட்டடம் வேண்டுமாயின், பழையதை மறைக்காதவாறு அருகே எழுப்புங்கள். கட்டியவர் பெயரையும் ஆண்டையும் வாயிலில் பொறியுங்கள்.

நம் முன்னோர் எங்கே தொழுதனர், எங்கே ஓதினர் என்று நாளை நம் பிள்ளைகள் கேட்பார்கள். அவர்களுக்குச் சுட்டிக்காட்ட ஒரு சுவரேனும் நிற்க வேண்டும். அதற்கான நல்லறிவை அல்லாஹ் நமக்கு அருள்வானாக!