சிறு செயற்கூறும் எல்லைச் சோதனையும்

கணிப்பொறிக்கு மனிதன் வகுத்தளிக்கும் ஆணைகளின் தொகுப்பை நிரல் என்பர். அந்நிரலுள் ஒரே ஒரு பணியைச் செய்து முடிக்கும் சிறு பகுதி செயற்கூறு எனப்படும். அதனைத் தனியே பிரித்தெடுத்து, இன்ன உள்ளீட்டிற்கு இன்ன விடை வரல் வேண்டும் என முன்னரே வரையறுத்து, வந்த விடையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே அலகுச் சோதனையாகும். பத்து வரிகூட இல்லாத செயற்கூற்றுக்குச் சோதனை எதற்கு என வினவுவோர் உளர். அவ்வினாவிற்கு வரலாறே விடை பகர்கின்றது.

1949 ஆம் ஆண்டு மே மாதம் இங்கிலாந்தின் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தில் எட்சாக் என்னும் கணிப்பொறி இயங்கத் தொடங்கிற்று. அதனை உருவாக்கிய மாரிசு வில்க்சு என்னும் அறிஞர் தாமே ஒரு நிரலை எழுதினார். அதில் இருந்தவை 126 வரிகள். பிழைகளோ ஏறத்தாழ இருபது. ஆனைக்கும் அடி சறுக்கும் அன்றோ? தம் வாழ்நாளின் எஞ்சிய பகுதியில் பெரும்பங்கு தம் நிரல்களின் பிழைகளைத் தேடுவதிலேயே கழியப் போகின்றது என்னும் உண்மை அக்காலத்தில்தான் தமக்குப் புலப்பட்டது எனப் பின்னாளில் அவர் நினைவு கூர்ந்தார்.

1969 ஆம் ஆண்டு உரோமில் கூடிய மாநாட்டில் நெதர்லாந்து அறிஞர் தைக்சுத்திரா ஓர் உண்மையை எடுத்துரைத்தார். சோதனையால் பிழை உண்டென மெய்ப்பிக்கலாம். பிழையே இல்லையென மெய்ப்பிக்க இயலாது என்பதே அது. அவ்வாறாயின், பிழை மிகுதியும் ஒளிந்திருக்கும் இடம் எதுவெனத் தேர்ந்து சோதிப்பதே அறிவுடைமை.

அவ்விடத்தைச் சுட்டிக் காட்டியது, 1979 ஆம் ஆண்டில் கிளென்போர்டு மையர்சு வெளியிட்ட மென்பொருள் சோதனை பற்றிய நூல். அதன் தொடக்கத்திலேயே வாசகருக்கு ஒரு தேர்வு உண்டு. மூன்று முழுவெண்களைப் பக்க அளவுகளாகப் பெற்று, அம்முக்கோணம் எவ்வகையது எனக் கூறும் நிரலுக்குச் சோதனைகள் எழுத வேண்டும். எளிய வேலைதான். ஆயினும் தேர்ந்த நிரலாளர்களும் 14 புள்ளிகளுக்குச் சராசரியாக 7.8 புள்ளிகளே பெற்றனர் என்கிறார் மையர்சு. 3, 4, 5 என்னும் அளவுகளை எவரும் எழுதுவர். முக்கோணமே அமையாத 1, 2, 3 என்னும் அளவுகளை எத்தனை பேர் நினைப்பர்? பக்க அளவு சுழியமானால் என்ன விடை வரவேண்டும்? ஒவ்வொரு சோதனைக்கும் உரிய விடையை முன்கூட்டியே குறித்தீரா என்பதும் அத்தேர்வின் வினாக்களுள் ஒன்று.

1994 ஆம் ஆண்டில் கெண்ட் பெக் என்பார் சுமால்டாக் என்னும் நிரல்மொழிக்கு ஒரு சோதனைக் கட்டமைப்பை அமைத்தார். 1997 இல் எரிக் காமாவுடன் வானூர்தியில் பயணம் செய்தபோது சாவா மொழிக்கும் அதனை வடித்தார். இதனால், ஒருமுறை எழுதிய சோதனைகளை நிரல் திருத்தப்படும் போதெல்லாம் நொடிப்பொழுதில் மீண்டும் இயக்கிப் பார்க்கும் வழக்கம் பரவியது.

எனினும் எழுதாத சோதனையை எந்தக் கட்டமைப்பும் இயக்காது. 2008 டிசம்பர் 31 ஆம் நாள், சூன் 30 என்னும் இசைக்கருவிகள் ஒருங்கே உறைந்து நின்றன. காரணம் ஒரு சிறு செயற்கூறு. 1980 ஜனவரி முதல் நாள் தொடங்கி எண்ணப்பட்ட நாள்களைக் கொண்டு ஆண்டைக் கணிப்பது அதன் பணி. எஞ்சிய நாள்கள் 365 ஐ விட மிகுந்திருக்கும்வரை அது ஆண்டாண்டாகக் கழித்துச் செல்லும். நெட்டாண்டாயின், நாள்கள் 366 ஐ விட மிகுந்தால் மட்டுமே கழிக்கும். சரியாக 366 ஆக நின்றாலோ, கழிக்கவும் இயலாது, நிறுத்தவும் இயலாது. அக்கருவி விற்பனைக்கு வந்தபின் வந்த முதல் நெட்டாண்டின் இறுதி நாள் அதுவே. அன்று செயற்கூறு முடிவின்றிச் சுழன்றது.

365, 366, 367 என்னும் மூன்று உள்ளீடுகளை எழுதிப் பார்த்திருந்தால் போதும். 1980 உம் நெட்டாண்டே ஆதலின், இரண்டாம் சோதனையிலேயே குறை வெளிப்பட்டிருக்கும்.

நெட்டாண்டைக் கண்டறியும் செயற்கூற்றுக்கும் இம்முறையே பொருந்தும். 2023 அன்று, 2024 ஆம். நூறால் வகுபடும் 1900 அன்று. நானூறால் வகுபடும் 2000 ஆம். விதியின் ஒவ்வொரு கிளைக்கும் ஒரு சோதனையென இந்நான்கும் அமைகின்றன. 2024, 2028, 2032 என ஒரே வகை ஆண்டுகளை நூறு முறை சோதிப்பினும் 1900 இல் உள்ள பிழை அகப்படாது.

நல்ல வினாத்தாள் மாணவன் அறிந்ததை மட்டும் கேளாது, அவன் தடுமாறும் இடத்தையும் தொட்டுப் பார்க்கும். சோதனை எழுதுவோரும் அவ்வாறே விதி மாறும் எல்லையைத் தேடிச் செல்லல் வேண்டும். சிறிதென்று எண்ணி ஒரு செயற்கூற்றைச் சோதியாது விடுதல், வினாத்தாள் கொடாமலே மாணவனுக்கு முழுப் புள்ளி வழங்குவதை ஒக்கும்.