பதினோரு உருண்டை கேக்

இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து ரொம்ப நாளாச்சு. ரிலீஸ், அது முடிஞ்சதும் அந்த ரிலீஸில் வந்த பக், அப்புறம் அந்த பக்குக்கு ஒரு ரிலீஸ்னு வண்டி ஓடிட்டு இருக்கு. மன்னிச்சிடுங்க மக்கா. இன்னைக்கு ஒரு கேக் பற்றிய சரித்திரம். எனக்கு கேக் செய்யத் தெரியாது, சரித்திரமும் படிச்சதில்லை. படிச்சது இன்ஜினியரிங். அதனால தைரியமா எழுதறேன் :-)

2024 மார்ச்சில் ஆன்சைட் வேலையா இங்கிலாந்தில் நாட்டிங்காமில் இருந்தேன். ஒரு வயசான அம்மா வீட்டு மாடி அறையில் வாடகைக்கு ஜாகை. அந்த மாசம்தான் பாளையங்கோட்டையில் எங்க அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். ஒரு வாரம் லீவு கேட்டேன், கிடைக்கல. "சின்ன ஆபரேஷன்தானே" என்று பதில் வந்தது. சின்ன ஆபரேஷன்தான். ஆனா கண்ணில் கட்டோட எங்க அம்மாவை வீடியோ காலில் பார்த்தது எனக்குச் சின்ன விஷயமா இல்லை.

ஈஸ்டருக்கு முந்தின நாள் வீட்டுக்கார அம்மா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாங்க. மேஜை மேல ஒரு பெரிய பழ கேக். பக்கத்தில் மார்சிபான், அதாவது பாதாம் பொடியும் சர்க்கரையும் சேர்த்துப் பிசைந்த மாவு. அதில் கொஞ்சத்தை வட்டமாத் தேய்த்து கேக் தலையில் போர்த்திட்டாங்க. மீதியை என்கிட்ட கொடுத்து உருண்டை பிடிக்கச் சொன்னாங்க. கொழுக்கட்டை பிடிச்ச கை, சும்மா விடுமா? பன்னிரண்டு பிடிச்சு வெச்சேன். ஒண்ணை எடுத்து வாயில் போட்டுக்கிட்டு, "பதினொண்ணுதான்" என்றார். இயேசுவின் சீடர்கள் பன்னிரண்டு பேர், காட்டிக் கொடுத்த யூதாஸைக் கழிச்சா பதினொண்ணு. ஒவ்வொருத்தருக்கும் ஒரு உருண்டை. கேக்கின் பெயர் சிம்னல். காலங்காலமா இப்படித்தானாம்.

காலங்காலமான்னு யாராவது சொன்னா எனக்குக் கை அரிக்கும். எந்தக் காலம்? யார் முதல்ல செஞ்சாங்க? ராத்திரி உட்கார்ந்து தேட ஆரம்பிச்சேன்.

முதலில் மாட்டியது ஒரு ராஜா கதை. 1487இல் லாம்பர்ட் சிம்னல் என்ற பத்து வயசுப் பையனை இளவரசன்னு சொல்லி டப்ளினில் முடி சூட்டி, ஏழாம் ஹென்றிக்கு எதிரா ஒரு படையையே கிளப்பிட்டாங்க. ஸ்டோக் ஃபீல்டு என்ற இடத்தில் சண்டை. பையன் கட்சி தோத்துப் போச்சு. ஹென்றி அவன் தலையை வாங்காம, அரண்மனைச் சமையல்கட்டில் இறைச்சிக் கம்பி சுத்தற வேலைக்குப் போட்டுட்டார். அந்தப் பையன் அங்கே கண்டுபிடிச்ச கேக்தான் சிம்னல் என்று ஒரு கதை ஓடுது.

அழகான கதை. ஆனா தேதி உதைக்குது. 1266 வாக்கில் இங்கிலாந்தில் ரொட்டிக்கும் பீருக்கும் ஒரு சட்டம் போட்டாங்க. கோதுமை விலைக்குத் தக்கபடி எந்த ரொட்டி எவ்வளவு எடை இருக்கணும் என்று நிர்ணயிக்கிற சட்டம். அதிலேயே சிம்னல் என்று ஒரு ரொட்டி இருக்கு. பையன் பிறக்கறதுக்கு இருநூறு வருஷம் முன்னாடி! லத்தீனில் 'சிமிலா' என்றால் நைசான கோதுமை மாவு. அதிலிருந்து வந்த பெயர். ரவைக்கு ஆங்கிலத்தில் செமோலினா என்கிறோமே, அதுக்கும் இதே வேர்தான். நம்ம உப்புமா சிம்னலுக்கு ஒண்ணுவிட்ட தம்பி என்று வெச்சுக்கலாம் :-)

ஆக, ஆரம்பத்தில் சிம்னல் கேக்கே இல்லை. நல்ல மாவில் செஞ்ச ஒசத்தி ரொட்டி, அவ்வளவுதான். பாதாமும் கிடையாது, உருண்டையும் கிடையாது.

அது அம்மாக்கள் கைக்கு எப்படிப் போச்சு என்பதுதான் எனக்குப் பிடிச்ச பகுதி. ஈஸ்டருக்கு முன்னால் வரும் தவக்காலத்தின் (எங்க ஊர்ப்பக்கம் லெந்து நாட்கள் என்பாங்க) நாலாவது ஞாயிறு மதரிங் சண்டே. விரதத்துக்கு நடுவில் கொஞ்சம் மூச்சு விட்டுக்கிற நாள். 1644இல் உள்நாட்டுப் போரில் ராஜா பக்கம் இருந்த ரிச்சர்ட் சைமண்ட்ஸ் என்பவர் தன் நாட்குறிப்பில், வூஸ்டர் ஊரில் அன்னைக்குப் பிள்ளைகள் எல்லாம் குடும்பத் தலைக்கட்டு வீட்டில் கூடி விருந்து சாப்பிடுவதாகக் குறித்து வெச்சிருக்கார். நாலு வருஷம் கழிச்சு, 1648இல் வந்த ராபர்ட் ஹெரிக்கின் தொகுப்பில், அப்படி அம்மாவைப் பார்க்கப் போகிற ஒரு பெண்ணுக்கு சிம்னல் கொண்டு தருவதாக ஒரு குட்டிக் கவிதை இருக்கு.

யார் அப்படி ஊருக்குப் போனது? பெரிய வீடுகளில் வேலைக்கு நின்ற பெண்பிள்ளைகள், தொழில் பழகப் போன பையன்கள். பத்துப் பன்னிரண்டு வயசிலேயே வீட்டை விட்டுப் போனவங்க. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கூட வீட்டு வேலையில் இருந்த பெண்கள் பத்து லட்சத்துக்கு மேல். அவங்களுக்கு லீவு என்பதே அபூர்வம். இந்த ஒரு ஞாயிறு அம்மாவைப் பார்த்துட்டு வர விடுவாங்க. சில வீடுகளில் எஜமானி அடுப்பிலேயே ஒரு கேக் சுட்டு எடுத்துட்டுப் போகவும் அனுமதி உண்டு என்பாங்க. மாவும் சர்க்கரையும் எஜமானியுடையது, கை மட்டும் அந்தப் பொண்ணுடையது. பழ கேக் சீக்கிரம் கெடாது. விரதம் முடியட்டும்னு அம்மா மூணு வாரம் எடுத்து வெச்சு ஈஸ்டருக்கு வெட்டுவாள், இப்படித்தான் அது ஈஸ்டர் கேக் ஆச்சு என்பது பொதுவாகச் சொல்கிற விளக்கம்.

இதைப் படிச்சப்போ ராத்திரி மணி ஒண்ணு. லேப்டாப்பை மூடி வெச்சிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு வயசுப் பொண்ணோட என்னை ஒப்பிடறது அநியாயம்னு தெரியும். நான் ஏசி ஆபீசில் காபி குடிச்சுக்கிட்டு வேலை பார்க்கிறவன். ஆனாலும், லீவு கேட்டு நிக்கிற அந்த நிமிஷம் இருக்கே, அது எனக்குப் புரிஞ்சுது.

சரி, கேக்குக்கு வருவோம். 1860களில் ராபர்ட் சேம்பர்ஸ் என்ற பதிப்பாளர் வருஷத்தின் ஒவ்வொரு நாளுக்கும் உரிய செய்திகளைத் தொகுத்து ஒரு பெரிய புத்தகம் போட்டார். அதில் ஷ்ரூஸ்பரி ஊர் சிம்னல் பற்றி எழுதியிருக்கார். வெளியே குங்குமப்பூ போட்ட மஞ்சள் மாவு ஓடு, உள்ளே பழங்களும் எலுமிச்சைத் தோல் மிட்டாயும் அடைச்ச கேக். துணியில் கட்டி மணிக்கணக்கா வேக வெச்சு, முட்டை தடவி, அப்புறம் சுடணும். ஓடு மரக்கட்டை மாதிரி ஆயிடுமாம். பரிசா வந்ததை ஒரு அம்மணி, கால் வைக்கிற முக்காலின்னு நினைச்சாங்களாம்!

வேக வெச்சு ஏன் திரும்பச் சுடணும்? அதுக்கும் ஒரு கதை வெச்சிருக்கார். சைமன், நெல்லின்னு ஒரு வயசான தம்பதி. ஈஸ்டருக்குப் பிள்ளைகள் வர்றாங்க. மிச்சமிருந்த மாவையும் கிறிஸ்துமஸ் புட்டிங் மிச்சத்தையும் சேர்த்து ஒரு கேக் செய்யலாம்னு முடிவு. வேக வெக்கறதா, சுடறதான்னு சண்டை. முக்காலி பறக்குது, விளக்குமாறு பறக்குது. கடைசியில் சமாதானமாகி, முதலில் வேக வெச்சு அப்புறம் சுட்டாங்க. உடைஞ்ச முக்காலி விறகாச்சு, உடைஞ்ச முட்டை மேல தடவ ஆச்சு. சிம்மும் நெல்லும் சேர்ந்து சிம்னல்! (லத்தீன் சிமிலா ஓரமா நின்னு அழுதுட்டு இருக்கு.) பழக்கம் முதல்ல வருது, காரணக் கதை பின்னாடி வந்து ஒட்டிக்குது.

கவனிச்சீங்களா? சேம்பர்ஸ் வர்ணனையில் பதினோரு உருண்டை கிடையாது. அந்தக் காலத்து சிம்னல்களுக்குப் பழ மிட்டாய், பூ இதெல்லாம்தான் அலங்காரம். உருண்டை வழக்கம் விக்டோரியா காலத்துக் கடைசியில் தலைகாட்டி, இருபதாம் நூற்றாண்டில் கெட்டிப்பட்டது. அதுக்கு முன்னாடி சாதாரண வீடுகளிலும் கேக் சுட வழி பிறந்திருந்தது. 1843இல் பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்ற மருந்துக்கடைக்காரர், ஈஸ்ட் ஒத்துக்காத தன் மனைவிக்காக பேக்கிங் பவுடர் செஞ்சார். 1874இல் பிரிட்டனில் சர்க்கரை வரியை எடுத்தாங்க. எஜமானி அடுப்பில் சுட்ட கேக், அம்மா அடுப்புக்கே வந்தது.

ஆனா மதரிங் சண்டே அதே காலத்தில் மங்கிப் போச்சு. அதை மீட்டது ஒரு ஆள், கான்ஸ்டன்ஸ் ஸ்மித். நாட்டிங்காம்ஷயரில் காடிங்டன் கிராமத்துப் பாதிரியார் மகள். அமெரிக்காவில் ஆனா ஜார்விஸ் ஆரம்பிச்ச அன்னையர் தினம் பற்றி 1913இல் படிச்சுட்டு, இது நம்மகிட்டயே இருந்ததாச்சேன்னு கிளம்பினார். 1921இல் ஒரு புத்தகமே எழுதினார். சிம்னல் உட்பட ஊருக்கு ஊர் இருந்த பழக்கங்களை எல்லாம் பொறுக்கிச் சேர்த்தார். ஆனா ஜார்விஸுக்கும் சரி, இவருக்கும் சரி, பிள்ளைகள் கிடையாது. இன்னொரு விஷயம் கேளுங்க. காடிங்டன் நியூவார்க் ஊருக்குக் கிழக்கே. லாம்பர்ட் சிம்னல் தோத்த ஸ்டோக் ஃபீல்டு அதே நியூவார்க்குக்குத் தென்மேற்கே. ரெண்டுமே சில மைல் தூரம்தான். பொய்க் கதையின் நாயகனும் நிஜக் கதையின் நாயகியும் பக்கத்து ஊர்க்காரங்க!

அப்புறம் ரெண்டாம் உலகப்போர். 1940 ஜனவரியில் சர்க்கரை, வெண்ணெய் எல்லாம் ரேஷன். அதே வருஷம் கடைகளில் ஐசிங் போட்ட கேக் விற்கவே தடை. ஆளுக்கு வாரம் ஒரு முட்டை. சர்க்கரை ரேஷன் 1953 செப்டம்பர் வரை ஓடுச்சு. பாதாமுக்கு எங்கே போறது? சோயா மாவிலோ ரவையிலோ மார்கரினும் பாதாம் எசென்ஸும் சேர்த்துப் போலி மார்சிபான் பிசைஞ்சாங்க. எழுநூறு வருஷம் கழிச்சு செமோலினா திரும்ப சிம்னல் தலையில் ஏறிடுச்சு பாருங்க!

ஆக "காலங்காலமா இப்படித்தான்" என்பது இல்லை. ரொட்டியா இருந்து, மரக்கட்டையா இறுகி, பழ கேக்காகி, ரவையாகி, திரும்பப் பாதாம் ஆகியிருக்கு. ஒவ்வொரு அடுப்படியும் கையில் இருந்ததை வெச்சு ஒரு வெர்ஷன் விட்டிருக்கு. மாறாம இருந்தது ஒண்ணுதான், வீட்டுக்கு வர்ற பிள்ளை. அல்லது, வர முடியாத பிள்ளை. எங்க வீட்டுக்கார அம்மாவின் மகள் ஆஸ்திரேலியாவில். அந்தக் கேக்கில் முதல் துண்டு எனக்குத்தான் கிடைச்சுது.

2025 ஈஸ்டருக்கு நான் பாளையங்கோட்டையில் இருந்தேன். நாங்க கிறிஸ்தவர்கள் இல்லை, ஆனா பக்கத்து வீட்டிலிருந்து வருஷா வருஷம் கேக் வரும். இந்தத் தடவை நாம கொடுப்போமேன்னு ஆரம்பிச்சேன். பாதாம் விலைக்கு பயந்து முந்திரி. அடி கொஞ்சம் கருகிடுச்சு, அதை விடுங்க. அம்மா கண்ணாடியை ஏத்தி விட்டுக்கிட்டு உருண்டைகளை எண்ணினாள்.

"ஏல, பதினொண்ணுதான் இருக்கு?"

யூதாஸ் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் கிண்ணத்தில் ஒட்டியிருந்ததை வழிச்சு இன்னொரு உருண்டை பிடிச்சு ஓரமா வெச்சாள்.

"அவனும் ஒருத்தி பெத்த புள்ளதானல."

எங்க வீட்டு சிம்னலுக்குப் பன்னிரண்டு உருண்டை. காலங்காலமா இப்படித்தான் :-)

பி.கு: பக்கத்து வீட்டு அத்தை எண்ணிப் பார்த்துட்டுக் கேட்டாங்க. அம்மா சொன்ன காரணத்தையே சொன்னேன். அடுத்த வருஷம் அவங்களும் பன்னிரண்டுதான் வைக்கப் போறாங்களாம்.