காயத்தைக் கொண்டு வடுவை ஆற்றிய சரித்திரம்

முகப்பரு ஆறிய பின் கன்னத்தில் தங்கிவிடும் குழிகளையும் தழும்புகளையும் போக்குவதற்கு மனிதர் கண்ட உபாயங்களின் சரித்திரத்தை ஆராய்ந்தால், அவற்றில் பெரும்பாலானவை சருமத்தைப் புதிதாகக் காயப்படுத்தி, அந்தக் காயம் ஆறும் சக்தியைக் கொண்டே பழைய வடுவைக் குறைக்க முயன்றவை என்பது விளங்கும். சுமார் கி.மு. 1550-இல் எழுதப்பட்ட எகிப்து தேசத்து ஈபர்ஸ் பாப்பிரஸ் சுவடியிலேயே, அலபாஸ்டர் என்னும் வெண்கல்லின் பொடியை உப்போடும் தேனோடும் குழைத்து மேனியில் பூசும் பிரயோகம் இருக்கிறது. ஆயினும் தோலை எந்த ஆழம் வரை உரிக்கலாம், எதைத் தாண்டினால் சிகிச்சையே இன்னொரு வடுவாகிவிடும் என்ற கேள்விக்கு விடை காண நெடுங்காலம் பிடித்தது.

முதலில் முன்வந்தவை அமிலங்கள். ஹாம்பர்க் நகரத்துச் சரும வைத்தியர் உன்னா, 1882-இல் சாலிசிலிக் அமிலம், ரிசார்சினால், டிரைகுளோரோஅசெடிக் அமிலம் முதலியவற்றின் தோலுரிக்கும் குணத்தை விவரித்தார். நியூயார்க்கில் ஜார்ஜ் மில்லர் மக்கீ 1903 முதல் பருத் தழும்புகளுக்கு ஃபீனாலைப் பூசிவந்து, ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குப் பின், 1952-இல், தம் அனுபவத்தை வெளியிட்டார். ஃபீனாலோ இரத்தத்தில் கலந்தால் இதயத்தின் துடிப்பையே குலைக்க வல்லது.

ஆழத்தின் ரகசியத்தைத் தெளிவுபடுத்தியவர் ஜெர்மானியரான எர்ன்ஸ்ட் க்ரோமாயர். 1905-இல், சுழலும் கருவிகளில் அரங்களைப் பொருத்திச் சருமத்தைத் தேய்க்கும் முறையை வெளியிட்ட அவர், உள்தோலின் மேற்பகுதியோடு நின்றுவிட்ட காயம் வடுவின்றி ஆறும் என்று கண்டார். ஏனெனில் மயிர்க்கால்களும் எண்ணெய்ச் சுரப்பிகளும் ஆழத்தில் பழுதுபடாமல் இருக்குமாயின், அவற்றிலிருந்தே புதிய மேல்தோல் படர்ந்து வந்து புண்ணை மூடிவிடும். 1953-இல் நியூயார்க்கின் ஆப்னர் கர்ட்டின், எதில் குளோரைடைத் தெளித்துக் கன்னத்தை உறையவைத்து, அவ்வாறு விறைத்து மரத்த தோலைச் சுழலும் கம்பித் தூரிகையால் சமன்படுத்திக் காட்டியதும் இம்முறை பிரபலமாயிற்று. ஆனால் சிகிச்சையின் பலன் முழுவதும் வைத்தியரின் கைப்பழக்கத்தைப் பொறுத்திருந்தது. தெறிக்கும் இரத்தத்தால் தொற்று பரவும் பயம் பின்னாளில் எழுந்தது. நம்மவரைப் போன்ற மாநிறத்தாருக்கும் கறுத்த மேனியருக்கும், குழி சமமான இடத்தில் கருமை படிந்துவிடும் அபாயமும் இருந்தது.

மகாராஷ்டிரத்துப் பாராமதியில் பிறந்த குமார் படேல், 1964-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்த கார்பன் டையாக்ஸைடு லேசர், 1990-களில் தூரிகையின் ஸ்தானத்தைப் பெற்றது. அதுவும் தோலின் மேற்பரப்பு முழுவதையும் எரித்தபடியால், ஆறுவதற்கு வாரக்கணக்காயிற்று. 2004-இல் பாஸ்டனின் மான்ஸ்டைனும் ஆண்டர்சனும், நுண்ணிய புள்ளிகளில் மட்டும் வெப்பத்தைச் செலுத்தி, இடைப்பட்ட தோலைத் தொடாமல் விட்டு, அந்த நலமான பகுதிகளே காயத்தை விரைவில் ஆற்றும்படி செய்தனர்.

இதற்குள் தழும்புகளெல்லாம் ஒரே ஜாதியல்ல என்பதும் உணரப்பட்டிருந்தது. அடியிலுள்ள நார்கள் இழுத்துப் பள்ளமாக்கியவற்றை, ஊசியால் அந்நார்களை அறுத்து விடுவிக்கும் முறையை ஓரென்ட்ரைக் வைத்தியர்கள் 1995-இல் விவரித்தனர். 2001-இல் ஜேக்கப் முதலியோர் ஊசிக்குழி, பெட்டிக்குழி, அலைப்பள்ளம் என மூவகை பிரித்துக் காட்டியபின், ஒவ்வொன்றுக்கும் உரிய சிகிச்சையைத் தேர்வது வழக்கமாயிற்று. இத்தனை முன்னேற்றத்துக்குப் பிறகும் நேர்மையான வைத்தியர் தழும்பு குறையும் என்று கூறுவாரேயன்றி, அடியோடு அழியும் என்று வாக்களிக்கமாட்டார். பரு சீழ்கோத்துச் சருமத்தை அரிக்குமுன்பே அதை அடக்கிவிடுவதுதான், காயமே இல்லாத ஒரே வடு சிகிச்சை.