கல்வராயன் மலையும் ஒரு புல் முடிச்சும்

கள்ளக்குறிச்சி என்ற பெயரில் இருக்கும் 'குறிச்சி' மலைநாட்டுச் சொல். குறிஞ்சி நிலத்து ஊர்களைத்தான் சிறுகுடி, குறிச்சி என்று நம் இலக்கணக்காரர்கள் சொன்னார்கள். ஊர் இருப்பதென்னவோ சமவெளியில். நெல்லும் கரும்பும் மக்காச்சோளமும் விளைகிற பூமி. ஆனால் மழை விட்ட காலையில் மேற்கே பார்த்தால், நீல நிறத்தில் நீளமாகப் படுத்திருக்கும் கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி அது. வடக்கே சின்னக் கல்வராயன் சுமார் 2,700 அடி, தெற்கே பெரிய கல்வராயன் சுமார் 4,000 அடி. நம் வயல்களுக்கு வரும் கோமுகியும் மணிமுத்தாறும் அங்கே பிறந்தவைதான்.

மனிதன் எதற்காக மலை ஏறுகிறான்? 1923-ல் அமெரிக்காவில் ஒரு பத்திரிகைக்காரர் ஜார்ஜ் மல்லோரியிடம் இதைக் கேட்டார். எவரெஸ்ட் அங்கே இருப்பதால்தான் என்கிற பொருளில் அவர் சொன்ன பதில் உலகப் புகழ் பெற்றுவிட்டது. அடுத்த ஆண்டே அவர் அந்த மலையில் காணாமல் போனார். உடல் கிடைத்தது 1999-ல். அந்தப் பதிலைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு குறை தோன்றும். அதில் மலை இருக்கிறது, ஏறுகிறவன் இருக்கிறான். மலையில் குடியிருப்பவர்கள் இல்லை. நம் பக்கத்துப் பழைய நூல் ஒன்றில் அவர்கள் இருக்கிறார்கள்.

கல்வராயனுக்கு வடக்கே, ஜவ்வாது மலைக்குப் போகும் வழியில் இருக்கிறது செங்கம். சங்க காலத்தில் அதன் பெயர் செங்கண்மா. அதை ஆண்ட நன்னன் சேய் நன்னன் மீது பெருங்கௌசிகனார் பாடியது மலைபடுகடாம். பத்துப்பாட்டில் ஒன்று, 583 அடி. உ.வே. சாமிநாதையர் 1889-ல் பத்துப்பாட்டை அச்சில் கொண்டுவந்தார். பள்ளியில் இதை ஆற்றுப்படை என்று ஒரு வரியில் படித்து மதிப்பெண் வாங்கியிருப்போம். ஓய்வு பெற்ற பிறகு நிதானமாகப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது: இது ஒரு மலையேற்றக் கையேடு.

நன்னனிடம் பரிசு வாங்கிக்கொண்டு மலையிறங்கி வருகிறான் ஒரு கூத்தன். எதிரே பசியோடு இன்னொரு கூத்தர் கூட்டம். 'நீங்களும் போங்கள்' என்று சொன்னதோடு அவன் நடையைக் கட்டியிருக்கலாம். அவன் அப்படிச் செய்யவில்லை, வழியை அடி அடியாகச் சொல்கிறான். காட்டுப்பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், விடிந்த பிறகு நடங்கள். குழிகளில் பாம்பு இருக்கும், பார்த்துப் போங்கள். தினைப்புனத்தில் யானையை விரட்டக் கவண் கல் வீசுவார்கள், மரத்துக்குப் பின்னால் ஒதுங்குங்கள். பாசி படிந்த இடம் வழுக்கும், கொடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். பொழுது சாய்ந்துவிட்டால் நடக்காமல் குகையில் தங்கிவிடுங்கள். மலையிலேயே பிறந்த குறவர்களுக்கே வழி மயங்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே திகைத்தால் பாறை மேல் உட்கார்ந்து உங்கள் வாத்தியங்களை வாசியுங்கள், ஓசை கேட்டு மலைக்காரர்கள் ஓடி வருவார்கள், பழம் தந்து வழியும் காட்டுவார்கள். நன்னனின் கூத்தர் என்று சொல்லிச் சிற்றூர் வீடுகளில் உங்கள் வீடு போலவே நுழையலாம், தினைச்சோறும் இறைச்சியும் கிடைக்கும்.

இத்தனையும் சொல்லிவிட்டு ஒரு வேலையும் வைக்கிறான். வழி பிரிகிற இடங்களில், உங்களைப் போலவே ஊர் தெரியாமல் பின்னால் வருகிறவர்களுக்காக, சரியான பாதையில் புல்லை முடிந்து அடையாளம் வைத்துவிட்டுப் போங்கள்.

நான் இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். முகம் தெரியாத, இனிமேல்தான் வரப்போகிற ஒருவருக்காகப் புல் முடிவது! மலை ஏறுகிறவர்களுக்குள் உண்டாகும் உறவு என்று பெரிதாகப் பேசுகிறோமே, அது உடன் நடப்பவரோடு முடிந்துவிடவில்லை. முன்னால் போனவருக்கும் பின்னால் வருகிறவருக்கும் நடுவிலும் அது இருக்கிறது.

நம் மாவட்டத்திலேயே இன்னொரு சான்றும் உண்டு. பறம்பு மலைத் தலைவன் பாரியும் கபிலரும் நண்பர்கள். பறம்பு என்பது இன்றைய சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலை என்பார்கள். மூவேந்தரும் மலையை முற்றுகையிட்டபோது கபிலர் நண்பனோடு இருந்தார். பாரி மறைந்த பிறகு அவனுடைய பெண்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு மலையிறங்கி, ஊர் ஊராக அலைந்தார். திருக்கோவிலூர்க் கீழூர் வீரட்டானேசுவரர் கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, கபிலர் பாரியின் மகளை மலையர் குலத்தில் மணம் செய்து கொடுத்துவிட்டுப் பெண்ணையாற்றில் ஒரு கல்லின் மேல் தீப்புகுந்ததாகச் சொல்கிறது. வடக்கிருந்து உயிர் விட்டார் என்பது இலக்கிய வழக்கு. முடிவு எதுவானாலும், மலையில் கொண்ட நட்புக்கு ஒரு புலவர் சமவெளியில் கடன் தீர்த்த கதை இது. ஆற்றின் நடுவே கபிலர் குன்றை இன்றும் பார்க்கலாம்.

கல்வராயனில் வாழ்பவர்கள் மலையாளிகள். கேரளத்தாரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்; மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர், பேசுவது தமிழ். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்றும், அண்ணன் தம்பிகள் மூவர் ஆளுக்கொரு மலையில் ஏறிக் குடியமர்ந்தார்கள் என்றும் சொல்வார்கள். எந்த மலை எவருக்கு என்பது சொல்பவரைப் பொறுத்து மாறும். காஞ்சியிலிருந்து வந்ததாகச் சொல்லும் கரிராமன் மட்டும் அவர்களுக்குப் பொதுவான தெய்வம். மலை இவர்களை ஈர்த்தது உச்சியைத் தொடுவதற்கல்ல, பிழைத்துக் கிடப்பதற்கு.

பிழைப்பும் சுலபமாக இல்லை. நாடு 1947-ல் விடுதலை அடைந்தது. கல்வராயன் மலையோ சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்தார்களின் கையில் 1976 வரை இருந்தது. வரியும் அவர்களுக்கே, கூலியில்லா வேலையும் அவர்களுக்கே. அந்த ஆண்டில்தான் அரசு ஜாகீர்களை எடுத்துக்கொண்டது.

அதற்கு ஐந்து ஆண்டு கழித்து, 1981 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக ஆசிரியனான என்னை மலைக்கு அனுப்பினார்கள். வழிகாட்ட வந்த பெரியவர் என் பையைக் கேட்காமலே வாங்கிக்கொண்டார். "நெட்டுக்கு ஏறாதீங்க வாத்தியாரே, வளைஞ்சு வளைஞ்சு ஏறுங்க. மூச்சு வாங்கறப்போ பேச்சு வேணாம்" என்றார். வழி பிரியும் இடத்திலெல்லாம் ஒரு பச்சைக் கிளையை ஒடித்துப் போகக்கூடாத பாதையின் குறுக்கே போட்டார். பின்னால் வரும் இன்னொரு வாத்தியாருக்காம். மலைபடுகடாத்தை மறுபடி படித்தபோது அந்தக் கிளைதான் ஞாபகத்துக்கு வந்தது. அவர் வீட்டில் சாமைச் சோறு சாப்பிட்டுவிட்டுப் படிவத்தை நிரப்பினேன். "எம் பேரு ஏறிடுச்சுங்களா?" என்று மூன்று முறை கேட்டார். நான்காவது முறை கேட்கும் முன் படிவத்தைத் திருப்பி எழுத்தைக் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பல ஆண்டுகள் கடுக்காய் விற்கச் சந்தைக்கு வரும்போதெல்லாம் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டுத்தான் போவார். என் மகள் கல்யாணத்துக்கு இரண்டு பலாப்பழத்தைத் தோளில் சுமந்து இறங்கி வந்தார்.

எவரெஸ்ட் கதையிலும் எனக்குப் பிடித்தது உச்சி அல்ல. 1953 பயணத்தில் ஹிலாரி ஒரு பனிப்பிளவில் விழுந்தபோது, டென்சிங் கயிற்றை இழுத்துப் பிடித்து அவரைக் காப்பாற்றினார். அதன் பிறகே இருவரும் சேர்ந்து ஏறும் இணையானார்கள். உச்சியைத் தொட்டது மே 29 அன்று. எட்டு ஆண்டு கழித்து, 1961-ல், ஷெர்பா மக்கள் வாழும் கும்ஜுங்கில் ஹிலாரி ஒரு பள்ளிக்கூடம் கட்டினார். தன்னைத் தாங்கிய கயிற்றின் மறுமுனையில் யார் இருந்தார்கள் என்பதை அவர் மறக்கவில்லை.

நாம் மறந்துவிட்டோமோ என்று 2024 ஜூனில் தோன்றியது. மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பெரும்பாலோர் கள்ளக்குறிச்சி நகரத்துக் கருணாபுரத்தையும் சுற்றுப்புறத்தையும் சேர்ந்தவர்கள். ஆனால் டீக்கடைப் பேச்சில் பழி மொத்தமாக மலை மேல் ஏறியது. கல்வராயன் என்றாலே சாராயம் என்றார்கள். மலை மக்களின் வாழ்க்கை நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்த பிறகுதான், அங்கே சாலையும் மருத்துவமும் பள்ளியும் எந்த நிலையில் இருக்கின்றன என்று கீழே உள்ள நாம் பேச ஆரம்பித்தோம்.

நடந்து ஏறிய காலத்தில் மலைக்காரர் துணையில்லாமல் நம்மால் ஓர் அடி வைக்க முடியாது. அந்தத் தேவையில்தான் உறவு பிறந்தது. இப்போது கச்சிராயப்பாளையத்திலிருந்து வெள்ளிமலைக்குக் காரிலேயே போய், அருவியில் குளித்து, படம் எடுத்துக்கொண்டு பொழுது சாயுமுன் இறங்கிவிடுகிறோம். யாரிடமும் வழி கேட்பதில்லை. சாலை வந்தது நல்லதுதான். பிரசவத்துக்குத் தூளி கட்டித் தூக்கி வந்தவர்களைக் கேட்டால் தெரியும் அதன் அருமை.

அடுத்த முறை மேகம் அருவிக்குப் போகிறவர்கள் வெள்ளிமலையில் கொஞ்ச நேரம் இறங்குங்கள். தேனோ சாமையோ கடுக்காயோ மலைக்காரரிடமே வாங்குங்கள். பேரம் பேச வேண்டாம். பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள் என்று விசாரியுங்கள். கைப்பேசியில் வரைபடம் இருந்தாலும், அருவிக்கு எப்படிப் போவது என்று ஒருவரிடமாவது கேளுங்கள். பாதி தூரம் கூடவே நடந்து வந்து காட்டுவார்கள்.