சவ்வாதும் புனுகும்

சந்தனம், அகில், கஸ்தூரி, புனுகு, சவ்வாது என்று வாசனைத் திரவியங்களை ஒரே மூச்சில் அடுக்கிச் சொல்லும் பழக்கம் நமக்கு இருப்பினும், இவ்வரிசையின் இறுதியில் நிற்கும் சவ்வாது மட்டும் ஒரு மரத்துக்கோ மிருகத்துக்கோ நேரே உரியதாகாமல், கலவை ஒன்றின் பெயராக வழங்குவதைப் பலர் கவனிப்பதில்லை. சந்தனத்தோடு வேறு சில சரக்குகளையும் சேர்த்துச் சிறு டப்பிகளில் விற்கும் மணப்பொடியே இன்றைய சவ்வாது. அச்சொல்லோ, தோன்றிய இடத்தில் ஒரே ஒரு பொருளுக்கு உரியதாயிருந்தது.

புனுகுப் பூனையின் வாலடியிலுள்ள சுரப்பியிலிருந்து வழித்தெடுக்கும் குழம்புக்கு அரபியில் ‘ஸபாத்’ என்று பெயர். நுரையைக் குறிக்கும் ‘ஸபத்’, வெண்ணெயைக் குறிக்கும் ‘ஸுப்த்’ ஆகியவற்றிலும் அதே மூன்று மெய்களே அமைந்திருத்தலால், வெண்ணெய்போல் திரண்டிருக்கும் அப்பொருளுக்கு அப்பெயர் இசைவானதே. எத்தியோப்பியாவிலிருந்து மாட்டுக்கொம்புகளில் அடைத்து அனுப்பப்பட்ட அந்தச் சரக்கோடு மேற்கே சென்ற சொல், இத்தாலியில் ‘ஸிபெத்தோ’வாகவும் பிரெஞ்சில் ‘ஸிவெத்’தாகவும் ஆங்கிலத்தில் ‘ஸிவெட்’டாகவும் திரிந்து, பொருளோடு அதைத் தரும் பிராணிக்கும் பெயராயிற்று. மலேயா சென்ற தமிழர் சிலர் நாவூறியும் சிலர் மூக்கைப் பொத்தியும் அறிந்த டுரியான் பழத்தின் தாவரவியற் பெயரில் ‘ஸிபெதினஸ்’ என்று ஒட்டிக்கொண்டிருப்பதும் இச்சொல்லே. ராபின்சன் குரூசோவின் கதையை எழுதிய டானியல் டீபோ, 1692-இல் 70 புனுகுப் பூனைகளை வாங்கி, அதே ஆண்டில் திவாலானார்; பெருலாபம் தரும் சரக்கென்று அக்காலத்தார் இதனை நம்பியதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

இத்தனை மதிப்பு எதனால் என்பதற்கு, பரிமளக் கலைஞர் மணங்களை வகுக்கும் முறையே விடை தரும். தோலில் தடவிய மணம் ஆவியாகும் வேகத்தைக் கொண்டு, அவர்கள் அதனை மேல், நடு, அடி என மூன்று நிலையாகப் பிரிப்பர். எலுமிச்சை, நாரத்தை இனங்கள் முதலில் எழுந்து விரைவில் மறைய, மல்லிகையும் ரோஜாவும் பின்னர் விரிந்து சில நாழிகை நிற்க, அவையும் ஓய்ந்த பிறகு சந்தனமும் கஸ்தூரியும் புனுகும் எஞ்சும். தனியே முகர்ந்தால் முகஞ்சுளிக்க வைக்கும் புனுகு, அணுவளவு கலந்தவிடத்து மலர்மணத்துக்கு உயிரூட்டுவதோடு, பறந்தோடும் மணங்களைப் பிடித்து நிறுத்தவும் செய்கிறது. கச்சேரியில் தம்பூரா செய்யும் வேலை ஏறக்குறைய இதுதான். 1889-இல் பாரிஸில் கெர்லேன் நிறுவனம் வெளியிட்ட ‘ஜிக்கி’யிலும், 1921-இல் வந்த ‘ஷனேல் நம்பர் 5’-இலும் புனுகு இடம்பெற்றதன் காரணம் இதுவே. அதன் மணத்துக்கு மூலமான ஸிவெட்டோன் 17 கரி அணுக்கள் கோத்த வளையம் என்பதை 1926-இல் லியோபோல்ட் ருசிக்கா நிறுவினார். அவ்வளவு பெரிய வளையம் நிலைத்து நில்லாதென்று ரசாயன சாஸ்திரிகள் எண்ணியிருந்த காலம் அது. பூனையோ அதனை வெகு காலமாகச் சிரமமின்றிச் செய்து வந்திருக்கிறது! ருசிக்காவுக்கு 1939-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இனி, கிழக்கே வந்த சொல்லுக்கு என்ன நேர்ந்தது? ஐரோப்பியருக்கு இப்பொருளை அழைக்கத் தம் மொழியில் பெயரில்லை. ஆகவே அரபுச் சொல் அங்கே அரியணை ஏறியது. தமிழிலோ புனுகு, புழுகு என்னும் பெயர்கள் அப்பொருளைக் கைக்கொண்டிருந்தமையால், ‘ஜவாது’ என்றும் ‘சவ்வாது’ என்றும் நுழைந்த புதுச்சொல் அதே இடத்தில் நெடுநாள் நிற்க இயலாது, முதலில் புனுகு சேர்ந்த கலவைக்கும், நாளடைவில் புனுகே சேராத கலவைக்கும் பெயராக நகர்ந்தது என்பது என் ஊகம். வழக்கும் அதற்கு இசைவாகவே இருக்கிறது. திருப்பதியில் வெள்ளிக்கிழமை அபிஷேகத்தின்பின் வேங்கடவனுக்குச் சாத்துவதைப் புனுகு என்றே சொல்கிறார்கள்; அதன்பொருட்டுத் தேவஸ்தானத்தார் அப்பூனைகளை வளர்த்தும் வந்திருக்கிறார்கள். கடைத்தெருவில் சவ்வாது வாங்குகிறவரோ, அதில் பூனையின் சம்பந்தம் உண்டா என்று விசாரிப்பதில்லை.